தேவகி, பி.ஏ., இன்வெஸ்டிகேட்டிவ்

அழைக்காத வீட்டுக்குப் போய், கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்டு, அவர்கள் கொடுக்கிற காபியையும் குடித்துவிட்டு வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வாசல் வாசலாக நின்று சோப்பு விற்றவர்களுக்கும், மக்கள்தொகை கணக்கெடுத்தவர்களுக்கும், இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்தவர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். கதவு கால்வாசி திறக்கும். அந்தச் சந்தில் ஒரு கண் மட்டும் தெரியும். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்து நாம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்க வேண்டும்.

திருப்பதி, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி கட்டிய வருஷங்கள் அவை. வேலை கொடுத்த கம்பெனிகளுக்குச் சந்தேகம். சொன்ன முகவரியில் நிஜமாகவே வீடு இருக்கிறதா? படித்தேன் என்கிற காலேஜில் படித்தானா? ஆள் நல்லவன்தானா? இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சென்னையில் ஒரு கம்பெனி இருந்தது. அவர்களுக்கு எங்கள் ஜில்லாவில் தமிழும் தெலுங்கும் பேசுகிற, மொபெட் ஓட்டத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். நான் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வீட்டில் பழைய பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன்.

நீட்டுப் பட்டம்

என் பதவியின் பெயர் 'இன்வெஸ்டிகேட்டிவ் அசோசியேட்' என்று மேனேஜர் ஜோசப் சார் சென்னையிலிருந்து போனில் சொன்னார். விசிட்டிங் கார்டை உள்ளூரிலேயே அடித்துக்கொள்ளச் சொன்னார். அகராதியை எடுத்துப் பார்த்தேன். இன்வெஸ்டிகேட்டிவ்: துருவி ஆராய்கிற, புலன் விசாரிக்கிற. பக்கத்தில் 'பெயரடை' என்று போட்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரர்தான், "துருவுறதுன்னா தேங்காயா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சட்னி கிடையாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் இருந்த அச்சுக்கடையில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் போனால் ஐந்நூறு கார்டைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். ஒன்றை உருவிப் பார்த்தேன். 'தேவகி, பி.ஏ., இன்வெஸ்டிகேட்டிவ்'. அவ்வளவுதான். அதற்குக் கீழே நேராகப் போன் நம்பர். அசோசியேட்டைக் காணோம். கேட்டால், வரியில் இடம் பற்றவில்லையாம். "பெயரடை தனியா நிக்காதுங்க. விசாரிக்கிற, அப்படின்னு சொல்லிட்டு நிறுத்தினா என்ன அர்த்தம்? விசாரிக்கிற ஆள்னு முடியணும் இல்லையா?" என்று அவர் கடை வாசலில் நின்று இலக்கண வகுப்பே நடத்தினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பி.ஏ.வுக்குப் பின்னாடி இவ்ளோ நீட்டுப் பட்டம் இந்த ஊர்ல யார்கிட்ட மேடம் கீது? அத சின்ன எழுத்துல போட எனக்கு மனசு வரல."

வெள்ளைக் காது

ஐந்நூறு கார்டைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? அதையே நீட்ட ஆரம்பித்தேன். கார்டில் விடுபட்ட பெயர்ச்சொல்லை ஜனங்கள் அவரவர் தேவைக்குத் தகுந்தபடி தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நகரிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பெங்களூர் வேலைக்கு எழுதியிருந்த ரவி என்கிற பையனின் வீட்டுக்கு வழி கேட்க ஒரு டீக்கடையில் நின்றேன். டீக்கடைக்காரரிடம் கார்டைக் கொடுத்தேன். அவர் அதைப் பெஞ்சில் இருந்த ஒருவரிடம் கொடுத்தார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இன்வெஸ்டிகேட்டிவ்னா பேப்பர்ல வருமே, அதான்யா. டில்லி போலீசு" என்றார். பெஞ்சு காலியாகிவிட்டது. நான் பாதி டீ குடிப்பதற்குள் ஒருவர் திரும்பி வந்து, எதிர்வீட்டுக்காரன் தன் வேலியை நகர்த்திவிட்டதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். கடைசியாக ஓர் அம்மாள் கையில் வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கயிற்றில் இருந்த ஆட்டைக் காணோமாம். கறுப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ளை. நான் போலீஸ் இல்லை என்று சொல்லச் சொல்ல, எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்ட பிறகுதான் ரவி வீட்டுக்கு வழி காட்டவே கிளம்பினார். வழி நெடுக ஆட்டைப் பற்றித்தான் பேச்சு. ரவியின் வாசலில் நின்று, கடைசியாக ஒரு தடவை, "அம்மா, நெசமாவே நான் போலீஸ் இல்லம்மா" என்றேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இல்லாங்காட்டி போவுது. போற ஊர்ல எல்லாம் எப்படியும் நாலு பேர கேக்கத்தான போற, அப்படியே ஆட்டயும் கேட்டுடு."

வெறும் வயிறு

புத்தூரில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. காலை ஏழரை மணிக்கே போய்விட்டேன். வெயில் ஏறிவிட்டால் மொபெட் சீட்டில் உட்கார முடியாது. மகன் பெங்களூரில் வேலைக்குச் சேரப் போகிறான். அப்பாவுக்கு அறுபது வயது இருக்கும். மருமகள் கார்டை வாங்கிப் படித்துவிட்டு உள்ளே ஓடினாள். அவர்களுக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியுமாம். மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று போன வாரம்தான் திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கொடுத்த சீட்டில் 'இன்வெஸ்டிகேஷன்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழேதான் ரத்தம், மூத்திரம் என்று வரிசையாக எழுதியிருந்தார்களாம்.

ஐந்து நிமிஷத்தில் பெரியவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்திலேயே அவர் சம்சாரம், வளையலை மேலே தள்ளிக்கொண்டு. "பெங்களூர் கம்பெனின்னா கம்பெனிதான். புள்ள இன்னும் வேலைக்கே சேரல, அதுக்குள்ள அப்பன் ஆத்தாவுக்கு ஊட்டுக்கே ஆள் அனுப்பிக்கீறாங்க பாரு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படிவத்தை எடுத்து, இந்த வீட்டில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்றேம்மா, மொதல்ல குத்திடு" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் விஷயத்தை விளக்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அவர் கோபப்படவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார், கையெழுத்தும் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப நான் இட்லி துன்னலாமா?"

மாப்பிள்ளை எப்படி?

ஒரு பெண் மொபெட்டில் வந்து இறங்கி, "இந்தப் பையன் எப்படி? கெட்ட பழக்கம் உண்டா? எத்தனை வருஷமா தெரியும்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? முதல் ஆறு மாதம் இது எனக்கு உறைக்கவே இல்லை. திருச்சானூரில் பிரகாஷ் என்கிற பையனுக்காகப் போயிருந்தேன். பூ வியாபாரம் செய்கிற ராஜம்மா அவர்களுக்குப் பக்கத்து வீடு. மடியில் மல்லிகையை வைத்துக் கட்டிக்கொண்டே என் கேள்விகளைக் கேட்டார். கார்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். "தங்கமான புள்ள. ஊட்ட உட்டு வெளிய போவமாட்டான். யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசமாட்டான். குனிஞ்ச தல நிமிரமாட்டான். அம்மா சொல்லாம ஒரு முடிவு எடுக்கமாட்டான். வெளியூர்னாலே அவனுக்கு ஆவாது."

நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. இதை அப்படியே அனுப்பினால் எந்தக் கம்பெனி இவனை வேலைக்கு வைத்துக்கொள்ளும்? "ஏம்மா, இவர் பெங்களூர்ல போய் நாலு பேரோட பேசிப் பழகி வேலை பார்க்கணுமே" என்றேன். "பெங்களூரா? பொண்ணு பெங்களூரா?" என்றார். பொண்ணு இல்லை, கம்பெனி என்றேன். ராஜம்மா கையில் இருந்த பூவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு அந்தப் பையன் மேல் இருந்த பிரியம் உண்மை. அவன் பிழைப்பில் தன் வாயால் மண் விழுந்துவிடுமோ என்று பதறிப்போனார். என் படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தட்டினார்: "அடிச்சிடு, எல்லாத்தயும் அடிச்சிடு. எங்க வேணா போவான், யார்கிட்ட வேணா பேசுவான், அம்மா பேச்ச எப்ப கேட்டான், அப்படின்னு எழுது!"

சாஃப்ட்வேர் கடை

எல்லா விசாரணையும் சிரிப்பில் முடியவில்லை. ஒரு பையன் சித்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை செய்ததாகச் சான்றிதழ் வைத்திருந்தான். அந்தக் காலத்தில் இந்த மாதிரிச் சான்றிதழ்கள் புற்றீசல் மாதிரி கிளம்பியிருந்தன. சான்றிதழில் இருந்த கதவு எண்ணைத் தேடிப் போனால் அது ஒரு லேடீஸ் டெய்லர் கடை. உள்ளே குமார் என்கிற டெய்லர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பையன் பெயரைச் சொன்னதும், "ஆமா மேடம், இங்கதான் வேல செஞ்சான்" என்றார், ஒப்பித்த மாதிரி. என்ன வேலை என்றேன். "சாஃப்ட்வேர்" என்றார். என்ன சாஃப்ட்வேர் என்றேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்தார். "காட்டன்தான் மேடம். ரூபியா துணி. எல்லாம் சாஃப்ட்டா இருக்கும்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் வெளியே வந்து மொபெட்டில் உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அந்தப் பையனின் வீட்டுக்கு முந்தின நாள்தான் போயிருந்தேன். அவன் அம்மா எனக்கு மோர் கொடுத்தார். நான் எழுதப்போகிற ஒரே வரியில் அந்த வேலை போய்விடும். எழுதாமல் விட்டால், நேர்மையாகப் படித்து வந்த இன்னொருவன் இடத்தில் இவன் போய் உட்காருவான். 'குறிப்பிட்ட முகவரியில் தையல் கடை உள்ளது' என்று கண்டதை மட்டும் எழுதினேன். குமாருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நான் கிளம்புவதற்குள் தோளில் இஞ்ச் டேப்போடு ஓடிவந்து, மொபெட்டின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "ரெண்டு வருஷம்னே எழுதிக்கோங்க மேடம். அவங்க அம்மா ஜாக்கெட்ட வாங்க அவன் வந்து, 'இன்னும் ஆவலியா, இன்னும் ஆவலியா'ன்னு இங்க குந்திக்கினு இருந்தத எல்லாம் கூட்டினா அவ்ளோ வரும்."

விசேஷணம்

என் கார்டில் இருந்த தப்பை இந்த ஜில்லாவிலேயே கண்டுபிடித்தவர் ஒருவர்தான். திருப்பதியில் கோயில் கைங்கர்யம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம். மூத்த மகன் ஏற்கெனவே அமெரிக்காவில். இளையவன் கிளம்பத் தயாராக இருந்ததால் நான் போயிருந்தேன். அய்யங்கார் கார்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "விசேஷணம் மட்டும் இருக்கு. விசேஷ்யத்தைக் காணலையே?" என்றார். வடமொழி இலக்கணத்தில் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் அப்படித்தான் பெயர். எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. அச்சுக்கடைக் கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கேள்விகளுக்கெல்லாம் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "துருவி விசாரிக்கிறதுன்னுதானே இதுக்கு அர்த்தம்? அப்போ நேக்காக ஒண்ணு விசாரிச்சுச் சொல்லுங்கோ. பெரியவன் அமெரிக்கா போய் நாலு வருஷம் ஆறது. அங்க என்ன சாப்பிடறான்? கேட்டா, 'எல்லாம் கிடைக்கறதுப்பா'ங்கறான். அந்த 'எல்லாம்'தான் நேக்குப் புரியலை." அவர் சிரிக்காமல் கேட்டார். எங்கள் கம்பெனி அமெரிக்காவில் விசாரிப்பதில்லை என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்தேன். மாமி வழியனுப்ப வருகிற மாதிரி கேட் வரைக்கும் வந்தார். மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது, திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவர் கேட்டதை விசாரிச்சுடாதேம்மா. நேக்குத் தெரியும். அவருக்குத் தெரியாததனாலதான் தினம் ரெண்டு வேளை நிம்மதியா சாப்பிடறார்."

இண்டி பேரு

வெதுருகுப்பம் மண்டலத்தில் ஒரு மேட்டு நிலத்துக்குப் போன கதையை நான் யாரிடமும் சுருக்கமாகச் சொன்னதில்லை. அங்கே செல்வி என்கிற பெண்ணுக்கு ஹைதராபாதில் வேலை கிடைத்திருந்தது. அப்பா முனுசாமி, அம்மா இருவரும் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்து படிக்க வைத்த பெண். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பதையே முதன்முதலாகப் பார்க்கப் போகிறவள். ஆனால் சிக்கல். ரேஷன் கார்டில் 'முனுசாமி மகள் செல்வி'. பள்ளிக்கூடச் சான்றிதழிலும் காலேஜ் சான்றிதழிலும் 'கொட்டாய் செல்வி'. கம்பெனிக்கு இது ஒரே ஆளா, இரண்டு ஆளா என்று சந்தேகம். வேலையில் சேர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. என் படிவத்தில் இரண்டே கட்டம்: 'பெயர் பொருந்துகிறது', 'பொருந்தவில்லை'.

முனுசாமியிடம் கேட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். "இஸ்கூல்ல சேக்கப் போனன் மேடம். அங்க இருந்த கிளார்க்கு 'இண்டி பேரு ஏமி'ன்னாரு. தெலுங்கருங்களுக்கு ஊட்டுப் பேருன்னு ஒண்ணு இருக்குது, பேருக்கு முன்னாடி போட்டுக்குவாங்க. நம்ம தமிழுக்காரங்களுக்கு அது ஏது? எனுக்கு அது தெரியல. ஊட்டுக்கு இன்னா பேருன்னு கேக்கறாருன்னு நெனச்சிக்கினன். எனுக்கு ஊடு ஏது, கொட்டாய்தான் சார்னு சொன்னன். அவுரு எழுதிக்கினாரு." அவர் சொல்லும்போது செல்வி கதவோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வரைக்கும் வகுப்பில் எல்லாரும் அவளை 'கொட்டாய்' என்றுதான் கூப்பிட்டார்களாம். அதைச் சகித்துக்கொண்டு முதல் மார்க் வாங்கியவளை, அதே வார்த்தை இப்போது வேலைக்குப் போகும் வழியிலும் மறித்துக்கொண்டு நின்றது. "மேடம், நான் ஒருத்திதான் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல அம்மாள். பழைய சேர்க்கைப் பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கி, தூசியைத் தட்டி, தானே பக்கம் பக்கமாகப் புரட்டினார். கிடைத்துவிட்டது. ஒரே வரியில், தெலுங்கில், 'கொட்டாயி செல்வி, தந்தை முனுசாமி'. ஓரத்தில் நீல மையில் முனுசாமியின் பெருவிரல் ரேகை. அந்த வரியைப் பார்த்து எழுதி, முத்திரை வைத்து ஒரு கடிதம் கொடுத்தார். அங்கிருந்து முனுசாமியையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு மண்டல ஆபீஸ். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்றிதழ் வாங்க மாலையாகிவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஜோசப் சாருக்குப் போன் போட்டேன். "மேடம், ஏதாவது ஒரு கட்டத்துல டிக் போடுங்க. கதை எழுத இடமில்ல" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "சார், என் வேலைக்கு இன்வெஸ்டிகேட்டிவ்னு பேர் வெச்சது நீங்க. டிக் போடுறதுதான் வேலைன்னா வேற பேர் வெச்சிருக்கணும். ரெண்டு பக்கம் எழுதி பேக்ஸ் பண்றேன், படிச்சிட்டு அனுப்புங்க" என்றேன். மறுமுனையில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அனுப்புங்க" என்றார்.

ஒரு வாரம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். எட்டாம் நாள் செல்வியே கூப்பிட்டாள். போனிலேயே அழுதாள். சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது என்பது அந்த அழுகையிலேயே தெரிந்தது. மூன்று வருஷம் கழித்து அவள் இன்னும் பெரிய கம்பெனிக்கு மாறினாள். அவர்களும் விசாரிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை படிவத்தையும் பழைய சான்றிதழ்களின் நகலையும் எடுத்துக்கொண்டு தைரியமாகப் போனேன். அதே மேடு. சுண்ணாம்பு அடித்த புது வீடு, மாடிப்படியோடு. முனுசாமி எனக்கு நாற்காலி போட்டார். தானும் எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேள்விகளெல்லாம் முடிந்து, எழுந்து கிளம்பும் நேரம். ஏதோ பெரிய தப்பைச் சீக்கிரமே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது என்பது போன்ற முகத்தோடு, அவர் சுவரைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "மேடம், இப்ப கொட்டாய் இல்லியே, மெத்த ஊடு கட்டிக்கினோம். பொண்ணு பேர மாத்தணுமா, இல்ல அப்படியே உட்டுடலாமா?"

அந்த வேலையில் நான் இருந்த பதினோரு வருஷத்தில், படிவத்தில் இருந்த கேள்விகளுக்கு எடுத்த எடுப்பில் நேராகப் பதில் சொன்னவர்கள் குறைவு, படிவத்தில் இல்லாத கேள்விகளுக்கோ நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாரும் பதிலோடு தயாராக இருந்தார்கள்.